கிளை நூலகத்தில் கிடைத்த ஒன்றரைப் பக்கம்

கேள்வி: சிறுவயதில் படித்ததில் இன்றுவரை உங்களை விடாமல் பிடித்திருப்பது எது?

எனக்கு அது ஒரு முழுப் புத்தகம்கூட இல்லை, ஒன்றரைப் பக்கம்தான். ஏழாம் வகுப்பில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் எடுத்த நேதாஜி வாழ்க்கை வரலாறு. அட்டையும் முதல் சில தாள்களும் கிழிந்துபோயிருந்ததால் எழுதியவர் யாரென்று இன்றும் தெரியாது.

1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் நேதாஜி நீர்மூழ்கிக் கப்பலில் ஏறினார், மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். இதைச் சொல்லிவிட்டு நூலாசிரியர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. நடுக்கடலில் எப்படி மாறினார்? உள்ளே மூச்சுக்குக் காற்று ஏது? சோறு எங்கே ஆக்கினார்கள்?

காலி ஹார்லிக்ஸ் பாட்டிலை மூடி, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன். துள்ளிக்கொண்டு மேலே வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி மூடி விட்டபோது, ஓர் அளவுக்கு மேல் சத்தமில்லாமல் அமிழ்ந்தது. நீர்மூழ்கியும் அப்படித்தான்: தொட்டிகளில் கடல்நீரை விட்டால் இறங்கும், அழுத்தக் காற்றால் அந்த நீரை வெளியே தள்ளினால் ஏறும் என்று பிறகு படித்தபோது, ஏற்கெனவே தெரிந்தவரைச் சந்தித்ததுபோல் இருந்தது.

அன்றிலிருந்து முப்பது வருடமாகப் படிக்கிறேன். அந்த ஜெர்மன் கப்பல் யு-180. டீசல் என்ஜினுக்குக் காற்று வேண்டும். அதனால் அக்காலத்து நீர்மூழ்கிகள் பெரும்பாலும் கடல்மேல்தான் ஓடின. மின்கலங்களை நிரப்பிக்கொண்டு, ஆபத்து வந்தால் மூழ்கும். யு-180-ன் என்ஜின்களோ ஓயாமல் புகையும் தொல்லையும் கொடுத்தவை. ரொட்டியிலிருந்து போர்வை வரை டீசல் வாடை. கூடப் போன அபித் ஹசன் கப்பல் இருப்பில் அரிசியும் பருப்பும் கிடப்பதைக் கண்டுபிடித்து நேதாஜிக்குக் கிச்சடி செய்து கொடுத்திருக்கிறார். அவரோ அதை ஜெர்மன் அதிகாரிகளுக்கும் பகிர்ந்துகொடுக்க, இருப்பு தீர்ந்துவிடுமே என்று ஹசனுக்குக் கவலை. என் மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்த நாள் அது.

என் ஒன்றரைப் பக்கத்தில் இல்லாத இன்னொன்றும் உண்டு. வழியில், ஏப்ரல் 18 அன்று, யு-180 கோர்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தது. அதிலிருந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. நேதாஜி அப்போது உள்ளேதான் இருந்தார். சாகசக் கதையாக மட்டும் இதைச் சொல்லும் யாரிடமும் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் பினாங்கிலிருந்து வந்த ஐ-29 கப்பலைச் சந்தித்தார்கள். கடல் கொந்தளிப்பு அடங்கக் காத்திருந்து, ரப்பர் படகில் நேதாஜியும் ஹசனும் தொப்பலாக நனைந்தபடி மாறினார்கள். பதிலுக்கு இரண்டு ஜப்பானியக் கடற்படை அதிகாரிகளும் பெர்லின் தூதரகத்துக்கான தங்கமும் இந்தப் பக்கம் வந்தன. அடுத்த ஆண்டே இரண்டு கப்பல்களும் முடிந்தன. 1944 ஜூலையில் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று ஐ-29-ஐ மூழ்கடித்தது. ஆகஸ்டில் யு-180 பிஸ்கே விரிகுடாவில் 56 பேரோடு போனது. நனைந்த கையைப் பிடித்து நேதாஜியை ஏற்றிவிட்டவர்களில் எத்தனை பேர் ஐ-29 மூழ்கியபோது அதில் இருந்தார்களோ என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

விசாகப்பட்டினம் கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுராவை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1969-ல் கடற்படையில் சேர்ந்த டீசல் நீர்மூழ்கி, 91 மீட்டர் நீளம். வட்டத் துவாரங்களுக்குள் குனிந்து குனிந்துதான் போக வேண்டும். சுற்றிக்காட்டிய ஓய்வுபெற்ற கடற்படைக்காரரிடம் "சமையல் எங்கே சார்?" என்றேன். கைநீட்டிக் காட்டினார். இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத இடம். அபித் ஹசன் பருப்பு வேகக் காத்திருந்தது இப்படி ஒரு இடத்தில்தான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன், பின்னால் வந்தவர்கள் "நகருங்க சார்" என்று சொல்லும்வரை.