வீட்டுச் செலவில் மிச்சம் பிடிக்க நீங்கள் அன்றாடம் உண்மையில் செய்வது என்ன?

சம்பளம் அப்படியே நிற்கிறது, சாமான் விலை மட்டும் ஏறுகிறது, வீட்டில் தினமும் நீங்களாகச் செய்து பார்த்த சிக்கனத்தைச் சொல்லுங்கள், 'வெளியில் சாப்பிடாதீர்கள்' மாதிரிப் புத்திமதி வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சரி, செய்து பார்த்ததை மட்டும் சொல்கிறேன், செய்து கெட்டதும் உண்டு.

நான் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். 2022இல் வேலையிடத்தில் சம்பளத்தைக் குறைத்தார்கள், அதோடு வீட்டுக் கணக்குப் புத்தகம் என் கைக்கு வந்தது. அதற்கு முன் கரண்ட் பில் எவ்வளவு வருகிறது என்றுகூட எனக்குத் தெரியாது, வெட்கத்தோடு சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் சிக்கனத்துக்கு அதிகாரி அம்மாதான். 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்ற பிறகு ஜாம் போத்தல் விளக்கில் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் எங்களைப் படிக்க வைத்தவர். சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தவர். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிக் கொழும்பே அல்லாடியபோது, "பதின்மூண்டு மணித்தியாலம்தானே தம்பி, விடிய வந்திடும்" என்று சொல்லிவிட்டு விசிறியை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போனார். இப்படிப்பட்டவரிடம் போய், நீங்கள் மிச்சம் பிடிக்கிற இடம் பிழை அம்மா என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் பிழைதான். அம்மா நாள் முழுக்க லைட்டுக்குப் பின்னால் ஓடுவார். யாராவது குசினி லைட்டை அணைக்காமல் வந்தால் அன்றைக்கு வீட்டில் வழக்கு. நான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்: இப்போதுள்ள எல்இடி பல்ப் 9 வாட், அதை 10 மணித்தியாலம் எரிய விட்டாலும் ஒரு யூனிட்டில் (1,000 வாட் சாமான் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட்) பத்தில் ஒரு பங்குகூட வராது. அதே வீட்டில் காலையில் மூன்று பேருக்கு 1,000 வாட் அயன் ஓடுகிறது, குளியலறையில் 3,000 வாட் ஹீட்டர். அந்த ஹீட்டரை இருபது நிமிடம் போட்டால் ஒரு முழு யூனிட். பல்பை நான்கரை நாள் இரவு பகலாக எரிய விட்டால்தான் அந்த ஒரு யூனிட் வரும். அம்மாவின் காலத்தில் விளக்கு எரிப்பதுதான் பெரிய செலவு, 60 வாட் குண்டு பல்புக் காலத்திலும் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கும், இப்போது செலவு லைட்டிலிருந்து இறங்கிச் சூடாக்குகிற சாமான்களுக்குள் போய் இருக்கிறது. எது சூடாக்குகிறதோ அதைப் பாருங்கள், மற்றதை விடுங்கள். ஃபானை விடுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் ஃபானை அணைத்து மிச்சம் பிடிக்கிறவர் அடுத்த நாள் எல்லோர் மேலும் எரிந்து விழுவார், இரவு முழுக்க ஓடினாலும் அது அரை யூனிட்தான்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நம்முடைய கரண்ட் பில் படிப்படியாக ஏறுவது. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு விலைப்பட்டியல், 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு பட்டியல். அதற்கு மேலே 90, 120, 180 என்று கோடுகள். ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் அடுத்த யூனிட்டின் விலை மட்டும் ஏறுவதில்லை, மாதாந்த நிலையான கட்டணமும் சேர்ந்து ஏறுகிறது. கட்டணத்தை அடிக்கடி மாற்றுகிறார்கள், அதனால் ரூபாக் கணக்கு எழுதவில்லை, உங்கள் பில்லிலேயே அச்சடித்திருக்கும், எடுத்துப் பாருங்கள். நான் சொல்வது என்னவென்றால் 119 யூனிட்டுக்கும் 123 யூனிட்டுக்கும் இடையில் இருக்கிற காசு நாலு யூனிட்டின் காசு இல்லை. ஐந்து பேர் இருக்கிற எங்கள் வீடு 60க்குள் நிற்கப்போவதில்லை, அந்த ஆசையை விட்டுவிட்டோம். எங்கள் கோடு 120. அப்படியென்றால் ஒரு நாளைக்கு நாலு யூனிட்.

இதை அம்மாவிடம் சொன்ன அன்றுதான் வீட்டில் ஆட்சி மாறியது. "அப்ப ஒரு நாளைக்கு நாலுதானே, நான் பாக்கிறன்" என்றார். மறுநாளிலிருந்து இரவு படுக்கப்போகும் முன் கீழே போய் மீட்டரைப் பார்த்து, சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அன்றைய யூனிட்டைப் பென்சிலால் எழுதுகிறார். நாலரை வந்தால் அடுத்த நாள் விசாரணை. என் பங்குக்கு நான் ஒரு இரவு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஃபிரிட்ஜை மட்டும் ஓட விட்டு, இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் மீட்டரைப் பார்த்தேன் (அந்த ஒரு இரவு ஃபானும் இல்லை, பிள்ளைகள் இன்னும் மன்னிக்கவில்லை). முக்கால் யூனிட். நாளொன்றுக்கு இரண்டே கால், அதாவது எங்கள் நாலில் பாதிக்கு மேல் ஃபிரிட்ஜ் தின்கிறது. கதவில் இருபது ரூபாத் தாளை வைத்துச் சாத்தி இழுத்தேன், வெண்ணெய்க்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. கதவு ரப்பர் செத்துப்போயிருந்தது. கடற்கரைப் பக்கம் இருப்பதால் பின்பக்கமும் துருப்பிடித்துத் தூசி அப்பியிருந்தது. ரப்பரை மாற்றி, பின்பக்கத்தைத் துடைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் முன்னுக்கு இழுத்து வைத்தோம். இப்போது ஒன்றேகாலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நான் எழுதியதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இந்தத் தாள் இழுக்கிற வேலையைச் செய்யுங்கள்.

அயன் விஷயம் மனைவியின் யோசனை. பள்ளிக்கூட வெள்ளை உடுப்பைக் காலையில் அவசரமாக ஒவ்வொன்றாக அயன் பண்ணும்போது தினமும் பெட்டியைப் புதிதாகச் சூடாக்க வேண்டியிருக்கிறது. ஞாயிறு பின்னேரம் ஒரே இருப்பில் வாரத்துக்கு எல்லாம் முடித்துவிடுகிறோம். மாதத்துக்கு நாலைந்து யூனிட் குறைந்தது. காலையில் சத்தம் போடுவதும் குறைந்தது, அதற்குப் பில் இல்லை.

அடுத்தது கேஸ். 2021இல் 1,500 ரூபாவுக்குள் வாங்கிய 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,800ஐத் தாண்டியது, அதுவும் வரிசையில் நின்றால்தான். அந்த வரிசையில் முன்னால் நின்ற ஒரு ஐயா சொல்லிக்கொடுத்ததை இன்றைக்கும் செய்கிறோம். சோற்றை அளந்த தண்ணீரில் வைத்து, நன்றாகக் கொதித்து ஐந்தாறு நிமிடம் போனதும் மூடியைத் திறக்காமல் இறக்கி, பழைய போர்வையால் சுற்றி ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவது. மீன்காரரிடம் கேட்டால் பெட்டி தருவார், மூன்று நாள் வெயிலில் போட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் சோறு சூரை மீன் மணக்கும். முக்கால் மணித்தியாலத்தில் வெள்ளைப் பச்சையரிசி பதமாக இருக்கும். சிவப்பரிசிக்கு அடுப்பில் இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும், முதல் நாள் அதை நம்பி நொறுக்கு நொறுக்கென்று சாப்பிட்டோம். கடலை, பயறு எல்லாம் இரவே ஊறப் போட்டுவிடுவோம். சிலிண்டர் மாற்றும்போது அதன் மேலேயே மார்க்கரால் தேதி எழுதுகிறேன். முன்பு நாற்பது நாள் ஓடியது, இப்போது இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் குறைய ஓடுகிறது.

தேங்காயில் நானும் அம்மாவும் உடன்படவே இல்லை. 2025 தொடக்கத்தில் ஒரு காய் 200 ரூபாவைத் தாண்டியபோது வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி இருந்தது. நாங்கள் செய்தது இவ்வளவுதான்: நாலு காயை ஒரேயடியாகத் துருவி, ஒரு நாளுக்கான அளவாகப் பிரித்து உறைய வைப்பது, இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுப் பிழிவது, சொதிக்கு இரண்டாம் பாலே போதும் என்று நாக்குக்குச் சொல்லிக்கொடுப்பது. ஏனென்றால் அரைமூடியை ஃபிரிட்ஜ் மூலையில் மறந்து அது வழுவழுத்துப் போவதில்தான் எங்கள் தேங்காய்க் காசு போய்க்கொண்டிருந்தது. அம்மா ஒரு படி மேலே போய், பிழிந்த சக்கையை மாவோடு குழைத்து ரொட்டி சுடுகிறார். மரத்தூள் தின்பதுபோல இருக்கிறது. சக்கை பூச்சாடிக்குப் போகட்டும் என்பது என் கட்சி, வீட்டில் எனக்கு ஆதரவு நாலுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு அந்த ரொட்டி பிடிக்கிறதாம்.

பூச்சாடி என்றதும் ஞாபகம் வருகிறது, பல்கனியில் நாலு பெயின்ட் வாளியில் ரம்பை, கறிவேப்பிலை, பொன்னாங்காணி இருக்கின்றன. சந்தையில் வாங்கிய பொன்னாங்காணியில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டை ஊன்றினாலே வருகிறது. பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை, இரண்டு ரம்பைத் துண்டுக்காகக் கடைக்குப் போய் ஐநூறு ரூபாவுக்குச் சாமான் வாங்கி வருவது நின்றது.

புறக்கோட்டை மொத்தச் சந்தைக்குப் போங்கள், அங்கே நாலாம் குறுக்குத் தெருவில் எல்லாம் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். பருப்பு, சீனி, செத்தல் மிளகாய், உள்ளி இதெல்லாம் மலிவுதான், சந்தேகம் இல்லை. ஆனால் காலி வீதியில் 101 பஸ்ஸில் போய் வருகிறவருக்குத்தான் அது மலிவு. மூட்டையைத் தூக்க முடியாமல் திரும்பி ஓட்டோவில் வந்தால் வெள்ளவத்தைக் கடைக்காரருக்குக் கொடுக்காத காசை ஓட்டோக்காரருக்குக் கொடுத்துவிட்டு, அரை நாளையும் கொடுத்திருப்பீர்கள். நாங்கள் மூன்று வீட்டுக்காரர் சேர்ந்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போகிறோம், நாட்டாமிமார் மூட்டையோடு ஓடிவரும்போது சுவரோடு ஒட்டி நிற்கத் தெரிந்தால் போதும். (இந்தியாவில் இருந்து படிக்கிறவர்களுக்கு: எங்கள் ஊரில் நாட்டாமி தீர்ப்புச் சொல்ல மாட்டார், மூட்டை தூக்குவார்.) முதல் முறை போனபோது ஆசைப்பட்டு அரை மூட்டை பம்பாய் வெங்காயம் வாங்கினேன். ஒக்டோபர் மழை. இரண்டு வாரத்தில் லிஃப்டுக்குள்ளேயே மணக்கத் தொடங்கியது. பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது, மிச்சத்தை அம்மா அழுகல் வெட்டி வெட்டி வதக்கிப் போத்தலில் போட்டார், ஒரு மாதம் எல்லாக் கறியிலும் அதே ருசி. மழைக்காலத்தில் ஃபிளாட்டில் இருப்பவர் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் கிலோக் கணக்கில்தான் வாங்க வேண்டும், மூட்டை விலை எவ்வளவு இனித்தாலும்.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அதுவும் படிப்படியாக ஏறுகிற பில், ஒரு யூனிட் 1,000 லீட்டர். எல்லாப் பைப்பையும் மூடிவிட்டு மீட்டர் சுற்றுகிறதா என்று பாருங்கள். எங்களுக்குக் கழிப்பறைத் தொட்டி சத்தமில்லாமல் கசிந்தது, தொட்டிக்குள் கேசரிப் பவுடர் கரைத்துவிட்டுப் பார்த்தபோது கால் மணித்தியாலத்தில் கீழே நிறம் வந்துவிட்டது.

மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது என்று கருத்தில் யாராவது கேட்பீர்கள். சீட்டுக்குப் போகிறது. மனைவியும் அவரோடு வேலை செய்கிறவர்களுமாகப் பத்துப் பேர், ஆளுக்கு மாதம் பத்தாயிரம், குலுக்கலில் ஒருவருக்கு ஒரு இலட்சம். வட்டி இல்லை, வங்கியில் போட்டால் ஏதாவது கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும், ஆனால் வங்கியில் போட்ட காசை நான் எடுத்துவிடுகிறேன், சீட்டுக் காசைக் கட்டாமல் விட்டால் மனைவி ஒன்பது பேர் முகத்தில் விழிக்க முடியாது. தினமும் பார்த்துப் பழகும் ஆட்களோடு மட்டும் போடுங்கள்.

கை வைக்காத இடங்களும் உண்டு. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பாவிப்பதில்லை, அம்மாவின் பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கும் அவருடைய சொந்தத் திட்டத்தையும் கண்டுபிடித்து நிறுத்திவிட்டோம்.

நாட்காட்டியில் எழுதுகிற பழக்கம் ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது என்றுதான் நினைத்தேன். இப்போது எங்களிடம் மூன்று வருட நாட்காட்டிகள் அலுமாரிக்கு மேல் இருக்கின்றன, அம்மா எறிய விடமாட்டார். நாலைத் தாண்டிய நாட்களில் பக்கத்தில் காரணமும் எழுதியிருப்பார்: 'லண்டன் ஆட்கள் வந்தது', 'தம்பி ஹீட்டர்', 'சின்னவனுக்குக் காய்ச்சல்'. குறைந்த நாட்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு புகுந்து நாடு முழுக்கக் கரண்ட் போனதே, 2025 பெப்ரவரி 9, அன்றைக்கு மட்டும் மூன்று யூனிட் என்று எழுதி, பக்கத்தில் 'குரங்கு' என்று போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்திருக்கிறார்.