வாசகர் கேள்வி: வெளிநாட்டுப் படிப்பு, வேற்றார் வீடு

கேள்வி: செப்டம்பரில் பிரான்ஸில் ரென் நகரத்துக்குப் படிக்க வந்தேன். ஒரு வயதான தம்பதி வீட்டில் அறை, காலையும் இரவும் அவர்களோடு சாப்பாடு. நல்லவர்கள்தான். ஆனால் மாடு, பன்றி சாப்பிட மாட்டேன் என்று சொல்லக் கூச்சம். ரொட்டியைக் கொறித்துவிட்டு அறைக்குப் போய் பிஸ்கட் தின்கிறேன். நான் பாதியில் எழுந்து போவதைப் பார்த்து, "ஏதாவது கோபமா?" என்று அந்த அம்மாவே கேட்டுவிட்டார்.
- லாஸ்பேட்டை வாசகி, புதுச்சேரி

பதில்: இன்றைக்கு ராத்திரியே சொல்லிவிடும்மா. நம் வீடுகளில் விருந்தாளி வாய் திறக்காமல் இருப்பதுதான் மரியாதை, தட்டில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்து மறுநாள் நாமே மாற்றிச் சமைத்துவிடுவோம். அங்கே நீ சொல்லாதவரை உனக்குப் பசியில்லை என்றுதான் நினைப்பார்கள். பொதுவாகச் சொல்லாதே, குய்ஷ் என்ற முட்டைப் பண்டத்திலும் சாலட்டிலும் லார்தோன் என்று பன்றித் துண்டு பொடிப்பொடியாகக் கிடக்கும், அதையும் பெயர் சொல்லிச் சொல். நீ இருப்பது பிரெத்தாஞ் பகுதி, அங்கே கலேத் என்று நம் தோசை மாதிரி ஒன்று ஊரெல்லாம் கிடைக்கும். பன்றி இறைச்சி இல்லாமல் முட்டையும் சீஸும் மட்டும் வைத்துக் கேட்டால் உன் பிரச்சினை பாதி முடிந்தது.

அப்புறம், சீஸ் வந்து இனிப்பும் முடியும்வரை மேசையை விட்டு எழுந்திருக்காதே. அந்த வீட்டில் பேச்சு நடக்கிற நேரமே அதுதான், இங்கே அலியான்ஸ் பிரான்சேஸில் படித்த பிரெஞ்சு உன் வாயில் வருவதும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை நீ சமைக்கிறேன் என்று சொல், ஆனால் முன்கூட்டியே கேட்டுவிட்டு! 2015-லிருந்து பிரான்ஸ் வீடுகளில் புகை அலாரம் கட்டாயம், காய்ந்த மிளகாயைத் தாளித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: குளியலறைத் தரையில் பெரும்பாலும் தண்ணீர் போக வழி இருக்காது, ஈரமானால் நீயே துடைக்க வேண்டும். வெந்நீரும் தொட்டியில் காய்வதாக இருந்தால் நீ தீர்த்த பிறகு அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

கேள்வி: மகன் ஜனவரியில் லியோனுக்குப் போகிறான், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கல். நெய், பால்கோவா, கருவாடு, கறிவேப்பிலை எல்லாம் கட்டிக் கொடுக்கலாமா?
- ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பால், இறைச்சிப் பண்டங்களைப் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது, பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். கருவாடு? சட்டம் கிடக்கட்டும், குளிருக்கு ஜன்னலெல்லாம் சாத்திய வீட்டில் அதை வறுத்தால் உங்கள் மகன் வேறு வீடு தேட வேண்டியதுதான். பருப்புப்பொடி, சாம்பார்பொடி போதும். அந்த வீட்டாருக்குக் கொடுக்க, பக்கத்தில் பண்ருட்டி இருக்கிறது, வறுத்த முந்திரி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று அம்மா, கோபிக்காதீர்கள். காலை ஆறு மணிக்குக் கோலம் போட்ட கையோடு அவனுக்குப் போன் அடிக்காதீர்கள். குளிர்காலத்தில் பிரான்ஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அங்கே அப்போது நள்ளிரவு ஒன்றரை, மொத்த வீடும் எழுந்துவிடும். நம் ராத்திரி ஒன்பதரை அவனுக்கு மாலை ஐந்து, அதுதான் தோதான நேரம்.

கேள்வி: "வாடகை வேண்டாம், எங்கள் இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால் போதும்" என்கிறது ஒரு பிரெஞ்சுக் குடும்பம். மாணவர் விசாவில் போகிறேன். சம்மதிக்கலாமா?
- முத்தியால்பேட்டை வாசகி

பதில்: எத்தனை மணி நேரம், எந்தெந்த நாள் என்று எழுதி வாங்காமல் சம்மதிக்காதே. "போதும்" என்பது பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நாள் முழுக்க என்றாகிவிடும். மாணவர் விசாவில் வருஷத்துக்கு 964 மணி நேரம்தான் வேலை செய்யலாம். வீட்டோடு தங்கிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஓ பேர் என்ற முறைக்கு விசாவே தனி, அதிலும் வாரத்துக்கு 25 மணி நேரம்தான் உச்சவரம்பு. எந்த வீடானாலும் சரி, நீ அங்கே தங்குகிறாய் என்று கையெழுத்திட்ட கடிதத்தை முதல் வாரமே கேட்டு வாங்கு. பேங்க் கணக்கு திறக்க அதைத்தான் கேட்பார்கள். போய் இறங்கிய 3 மாதத்துக்குள் விசாவை ஆன்லைனில் பதிவு செய்யவும் மறந்துவிடாதே.