பெட்டியில் 1066, திரையில் 266: பஸ் வேகமும் ரேம் வேகமும்

பழைய டெஸ்க்டாப்பைச் சரி பார்க்கும்போது வரும் வேகக் கணக்குகளைப் பற்றி இந்த வாரம் கேளுங்கள் என்றிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்விதான். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

வியாசர்பாடியிலிருந்து: அண்ணா, என்னுடையது கோர் 2 டுவோ இ7500. பெட்டியில் 1066 எஃப்எஸ்பி என்று போட்டிருக்கிறது. சிபியூ-இசட் 266தான் காட்டுகிறது. ரேம் 800 என்று வாங்கினேன், அதுவும் 400 என்கிறது. சர்வீஸ் கடையில் மாற்றி வைத்துவிட்டார்களா?

யாரும் எதையும் மாற்றவில்லை தம்பி. எஃப்எஸ்பி என்பது ப்ராசசருக்கும் போர்டுக்கும் நடுவே டேட்டா போகிற பாதை, சுருக்கமாகப் பஸ். சிபியூ-இசட் இந்த வேகங்களைக் காட்டும் ஒரு சின்ன ப்ரோக்ராம். ஹீட்சிங்கைக் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு ப்ராசசர் மூடியைப் பாருங்கள். வேகம் 2.93, கேஷ் 3 எம்பி, பஸ் 1066 என்று ஒரே வரியில் பொறித்திருக்கும். அந்த 1066 ஒரு நொடியில் எத்தனை மில்லியன் முறை டேட்டா போகிறது என்ற கணக்கு. பஸ்ஸின் கடிகாரம் 266 மெகாஹெர்ட்ஸ்தான். இன்டெல்லின் அந்தக் கால பஸ் ஒரு துடிப்புக்கு நான்கு தடவை டேட்டாவை அனுப்பும். டிடிஆர் ரேம் ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை. அதனால் பஸ்ஸுக்கு நான்கால் வகுக்க வேண்டும், ரேமுக்கு இரண்டால். சிபியூ-இசட்டின் மெமரி டேபில் 2:3 என்று பஸ்ஸுக்கும் ரேமுக்கும் ஒரு விகிதம் தெரியும். அது 266க்கு 400. எல்லாம் சரியாக இருக்கிறது.

ப்ராசசர் வேகமும் அதே 266-இலிருந்துதான் வருகிறது. அதைப் பெருக்கும் எண்ணுக்கு மல்டிப்ளையர் என்று பெயர், இதில் அது 11. பெருக்கினால் 2.93 கிகாஹெர்ட்ஸ். இந்தப் பெருக்கலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலை இருக்கிறது.

அம்பத்தூரிலிருந்து: அதே இ7500. ஆனால் 1.6 கிகாஹெர்ட்ஸ்தான் ஓடுகிறது சார்.

சும்மா இருக்கும்போது பார்த்திருப்பீர்கள். வேலை இல்லாதபோது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மல்டிப்ளையர் 6-க்கு இறங்கிவிடும்; 6 × 266 = 1600. ஒரு பெரிய ஃபைலை ஜிப் செய்துகொண்டே பாருங்கள், 2.93-க்கு ஏறும்.

திருவல்லிக்கேணி, டிடிபி கடை: எங்களுடையதும் இ7500தான். எவ்வளவு வேலை கொடுத்தாலும் 2.2-க்கு மேல் போவதில்லை. விண்டோஸ் புதிதாகப் போட்டும் பார்த்தாயிற்று. ப்ராசசர் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் சர்வீஸ் தம்பி.

மாற்றாதீர்கள். 2200-ஐ 11-ஆல் வகுங்கள். 200. அதாவது மல்டிப்ளையர் சரியாக வேலை செய்கிறது, பஸ்தான் 266-க்குப் பதில் 200-இல் நிற்கிறது. சிபியூ-இசட்டில் ரேட்டட் எஃப்எஸ்பி 800 என்று காட்டும், பாருங்கள். ப்ராசசர் கெட்டால் பெரும்பாலும் டிஸ்ப்ளேயே வராது. இப்படிக் கணக்குப் போட்டு மெதுவாக ஓடாது.

முதலில் பயாஸுக்குள் (மெஷின் ஆன் ஆகும்போது வரும் போர்டின் செட்டிங்ஸ் திரை) போய், எஃப்எஸ்பியை யாராவது மேனுவலில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆட்டோவுக்கு மாற்றுங்கள். அந்த செட்டிங்ஸைச் சேமித்து வைக்கும் சிமாஸை, போர்டில் உள்ள ஜம்பர் போட்டு க்ளியர் செய்யுங்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் தேதி பின்னால் போயிருந்தால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றுங்கள், சின்னச் செலவு.

அப்புறமும் 2.2-ஏ என்றால் ப்ராசசர் உட்காரும் சாக்கெட்டைப் பார்க்க வேண்டும், இதில் அது 775 ரகம். "எனக்கு எவ்வளவு பஸ் வேண்டும்" என்பதை ப்ராசசர் மூன்று பின்கள் வழியாக போர்டுக்குச் சொல்கிறது. 775 சாக்கெட்டில் பின்கள் போர்டு பக்கம் இருக்கின்றன, முடி மாதிரி மெல்லியவை. இந்த மூன்றில் ஒன்று வளைந்து தொடாமல் போனாலோ, அதன் மேல் பேஸ்ட் வழிந்திருந்தாலோ, போர்டு 266-ஐ 200 என்று படித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்; எல்லாப் பின்களின் நுனியும் ஒரே வரிசையில் மின்ன வேண்டும். வரிசை உடைந்த இடத்தில் சட்டென்று கண் நிற்கும். ஊசி நுனியால் மெதுவாக நிமிர்த்தலாம், ஆனால் கை நடுங்குபவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

மயிலாப்பூரிலிருந்து: ரிச்சி தெருவில் 4 ஜிபி டிடிஆர்2 ஒன்று மலிவாகக் கிடைத்தது. என் ஜி31 போர்டில் போட்டால் பீப் அடிக்கிறது. வேகம் ஒத்துப்போகவில்லையோ?

வேகம் காரணமில்லை. ஜி31 என்பது போர்டில் ரேமையும் பஸ்ஸையும் நடத்தும் சிப்செட்; அதன் உச்சமே மொத்தம் 4 ஜிபி. ஒரு ஸ்லாட்டுக்கு 2 ஜிபி. தவிர, மலிவான 4 ஜிபி டிடிஆர்2 பெரும்பாலும் ஏஎம்டி போர்டுகளில் மட்டும் ஓடுகிற ரகம். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு 2 ஜிபி கேளுங்கள்.

பல்லாவரத்திலிருந்து: 945 போர்டில் இ8400 போட்டேன், டிஸ்ப்ளே வரவில்லை.

வராது. அந்த ப்ராசசர் கேட்பது 1333, அந்த சிப்செட் அதுவரை போகாது. சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டதே என்று நம்பக் கூடாது.

தாம்பரம், கல்லூரி மாணவர்: அண்ணா, ஐ5-10400, எச்410 போர்டு. 3200 ரேம் வாங்கினேன், டாஸ்க் மேனேஜர் 2666 காட்டுகிறது. எக்ஸ்எம்பி ஆன் பண்ணினால் சரியாகுமா?

ஆகாது தம்பி. எக்ஸ்எம்பி என்பது ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் பயாஸ் செட்டிங்; இங்கே அது உதவாது. புதிய மெஷின்களில் பழைய எஃப்எஸ்பி கிடையாது. ஏஎம்டி 2003-இல் அத்லான் 64-உடனும், இன்டெல் 2008-இல் முதல் ஐ7-உடனும் ரேமை நடத்தும் மெமரி கன்ட்ரோலரை ப்ராசசருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டன. எனவே ரேம் வேகத்தை முதலில் ப்ராசசரைக் கேட்க வேண்டும், உங்கள் 10400-இன் வரம்பு 2666. அதைத் தாண்ட அந்தத் தலைமுறையில் இசட்490 போர்டு வேண்டும். ரேமைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், பின்னால் வேறு மெஷினுக்கு உதவும். ஒரே ஸ்டிக் வாங்கியிருந்தால் ஜோடியாக இன்னொன்று போடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் 3200-ஐ விட அந்த இரண்டாவது ஸ்டிக்தான் அதிகம் தரும்.

கொளத்தூர், ஓய்வுபெற்றவர்: ஐயா, பழைய கோர் 2 டுவோவில் 667 ரேமை எடுத்துவிட்டு 800 போட்டால் வேகம் கூடுமா?

கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வேகம் கூடிவிடாது ஐயா. 1066 பஸ் நொடிக்குச் சுமார் 8.5 ஜிபிதான் கடத்தும். 667 ரேமே இரண்டாகப் போட்டால் 10.6 ஜிபி தருகிறது. பரனூர் டோலில் கவுண்டர் அதேதான், அதற்கு முன்னால் சாலையை அகலப்படுத்தி என்ன பயன்? அந்தப் பணத்தில் ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுங்கள். இந்த மாதிரி மெஷினுக்கு நான் வேறு எதையும் முதலில் சொல்வதில்லை.

ராயபுரத்திலிருந்து: 1333-உம் 1600-உம் கலந்து போட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை டிஸ்ப்ளே போய்விடுகிறது. ரேமை எடுத்து ரப்பர் போட்டுத் தேய்த்தால் வருகிறது. வேறு வேறு வேகம் என்பதால்தானே?

இல்லை சார். ஒவ்வொரு ரேமிலும் எட்டுக் கால் வைத்த குட்டிச் சிப் ஒன்று இருக்கும். தன் வேகத்தை அதுதான் போர்டுக்குச் சொல்லும். போர்டு குறைந்ததைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் 1333-இல் ஓட்டும். தேய்த்தால் வருகிறது என்றாலே பிரச்சினை தொடுமிடத்தில்தான். கடற்கரை ஓரத்து உப்புக் காற்றுக்கு இது சகஜம். நீங்கள் ரேமை மட்டும் தேய்க்கிறீர்கள், ஸ்லாட்டுக்குள் இருக்கும் அழுக்கு அப்படியே இருக்கிறது. பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் ஸ்லாட்டைச் சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்தபின் போடுங்கள். ரப்பர் துகள் ஸ்லாட்டில் விழுந்திருந்தால் அதையும் ஊதி எடுங்கள், வாயால் அல்ல, ப்ளோயரால்.