ஆல்டோஸ்டிரோன் சிறுநீரகச் செல்லுக்குள் என்னதான் செய்கிறது?

“ஆல்டோஸ்டிரோன் சோடியத்தைத் திரும்ப உறிஞ்ச வைக்கிறது என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். செல்லுக்குள் நடப்பது என்ன? அதற்கு ஏன் ஒரு மணி நேரம் போல ஆகிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆல்டோஸ்டிரோன் என்பது சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன். முதலில் அளவைப் பார்ப்போம். சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் சோடியத்தை உப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்றரை கிலோ வரும். அதில் 99 சதவீதத்துக்கு மேல் ரத்தத்துக்கே திரும்பிவிடும். பெரும்பகுதி, வடிகட்டிய நீர் ஓடும் நுண்குழலின் முற்பகுதியிலேயே முடிந்துபோகிறது. ஆல்டோஸ்டிரோன் கைவைப்பது கடைசியில் மிஞ்சும் சில சதவீதத்தில்தான். ஆனால் வெறும் 2 சதவீதம் என்றாலும் கிட்டத்தட்ட 30 கிராம் உப்பு! ரத்த அழுத்தம் ஏறுவதும் இறங்குவதும் இங்கேதான் முடிவாகிறது.

இந்த வேலை நடப்பது, நுண்குழல்கள் கடைசியில் போய்ச் சேரும் சேகரிப்பு நாளத்தின் முதன்மைச் செல்லில். ரத்தப் பக்கம் இருக்கும் பம்ப், 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. அதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. சிறுநீர்ப் பக்கம் ஈனாக் (ENaC) என்ற சேனல், அதாவது சோடியத்துக்கு வழிவிடும் புரத வாசல், இருந்தால் போதும், சோடியம் தானாக உள்ளே வரும். ஆக, அந்தப் பக்கத்தில் எத்தனை சேனல்கள் இருக்கின்றன என்பதே முக்கியமான கேள்வி.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். சாதாரண நேரத்தில் நெட்4-2 என்ற புரதம் ஈனாக்கின் வாலைப் பிடித்து யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டி முத்திரை குத்திவிடும். முத்திரை விழுந்த சேனலைச் செல் உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். ஆல்டோஸ்டிரோன், செல்லுக்குள் தன்னைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குள் போய் எஸ்ஜிகே1 என்ற மரபணுவை முடுக்குகிறது. அதிலிருந்து உருவாகும் நொதி நெட்4-2 மேல் பாஸ்பேட்டை ஏற்றி அதை முடக்குகிறது. அப்புறம் சேனல்களை அகற்ற ஆள் இல்லை, அவை மேற்பரப்பிலேயே தங்கிவிடுகின்றன. மரபணு படியெடுக்கப்பட்டுப் புரதம் உருவாக வேண்டுமல்லவா, அந்தத் தாமதம்தான் நீங்கள் கேட்ட ஒரு மணி நேரம். புதுச் சேனல்களும் புதுப் பம்புகளும் கூடுவது அதற்கும் பல மணி நேரம் கழித்து.

இதற்கு வலுவான சான்று லிடில் நோய்க்குறி. 1963ல் விவரிக்கப்பட்டது. ரத்த அழுத்தம் மிக அதிகம், ஆனால் ஆல்டோஸ்டிரோன் மிகக் குறைவு. காரணம், நெட்4-2 பிடிக்க வேண்டிய வால் பகுதியே ஈனாக்கில் மாறியோ அறுந்தோ போயிருக்கிறது. அதனால் ஆல்டோஸ்டிரோனின் ஏற்பியைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் இவர்களுக்குப் பலன் தராது. சேனலையே அடைக்கும் அமிலோரைடு பலன் தரும்.

இன்னொன்று: அட்ரினல் சுரப்பியின் இன்னொரு ஹார்மோனான கார்டிசோலும் இதே ஏற்பியில் நன்றாகவே பொருந்தும், ரத்தத்தில் அதன் அளவும் பல மடங்கு அதிகம். இந்தச் செல்களில் உள்ள ஒரு நொதி அதைக் கார்டிசோனாக மாற்றிச் செயலிழக்கச் செய்வதால்தான் ஆல்டோஸ்டிரோனின் பேச்சு எடுபடுகிறது. அதிமதுரம் அந்த நொதியைத் தடுக்கும். தினமும் அளவுக்கு மீறிச் சாப்பிட்டு அழுத்தம் ஏறி, பொட்டாசியம் இறங்கியவர்கள் உண்டு. அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் தயவுசெய்து இதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடலில் நீரைத் தக்கவைக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோனும் ஈனாக்கைக் கூட்டும், ஆனால் சில நிமிடங்களிலேயே. எதிர்த்திசையில் இழுப்பது இதய மேலறைகள் சுரக்கும் ஏஎன்பி (ANP) என்ற ஹார்மோன். ரத்த அளவு கூடி மேலறைச் சுவர் விரியும்போது அது வெளிவந்து, சேகரிப்பு நாளத்தில் சோடியம் நுழைவதைக் குறைப்பதோடு, ஆல்டோஸ்டிரோன் சுரப்பையும் அடக்குகிறது.