தாய்க்கு வந்த கொரோனாவும் சேய்க்கு வந்த அழற்சியும்

கேள்வி: ஏழாம் மாதத்தில் எனக்குக் கொரோனா வந்து, நான்கு நாள் காய்ச்சலோடு சரியாகிவிட்டது. மாதம் நிறைந்து பிறந்த மகன் இரண்டாம் நாளே பால் குடிக்காமல் துவண்டுபோனான். இதயத் துடிப்பும் சீராக இல்லை. ராமநாதபுரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்து, கிருமித் தொற்று இல்லை, அழற்சி என்றார்கள். இப்போது வீடு திரும்பிவிட்டோம். நான் காய்ச்சலை வாங்கி வந்ததுதான் காரணம் என்கிறார் மாமியார். தவறு என்னுடையதா? பால் கொடுக்கலாமா? அவன் இதயம் தேறிவிடுமா?

– பாம்பன் வாசகி

பதில்: அன்புச் சகோதரி, உங்கள்மீது எந்தத் தவறும் இல்லை, இந்தப் பதிலை உங்கள் மாமியாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். கொரோனா வந்து தேறிய சிறுவர்களுக்குச் சில வாரங்கள் கழித்துப் பல உறுப்புகளில் அழற்சி (உடலின் எதிர்ப்புச் சக்தி மிகையாகி உறுப்புகள் வீங்கிப் பாதிக்கப்படுவது) உண்டாவதை 2020-இல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். மறு ஆண்டு இரண்டாம் அலைக்குப் பின், அதே சாயலில் பச்சிளங்குழந்தைகளுக்கும் அழற்சி வருவதை நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். கிருமியை எதிர்க்கத் தாயின் உடல் உண்டாக்கும் ஆன்டிபாடிகள், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நஞ்சுக்கொடி வழியாகச் சேய்க்கும் போகின்றன. பிள்ளையைக் காப்பதற்காகப் போகும் அவையே அபூர்வமாகச் சில குழந்தைகளின் உடலில் அழற்சியைத் தூண்டிவிடுகின்றன என்பதே மருத்துவர்கள் பெரும்பாலும் தரும் விளக்கம். கர்ப்பத்தில் கொரோனா வந்த தாய்மாரின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள்.

இந்நோயைக் கண்டுபிடிப்பது எளிதன்று. பெரிய பிள்ளைகளைப் போலப் பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்பதில்லை; பால் மறுப்பதும் மூச்சு வாங்குவதும் ரத்தத்தில் கிருமி கலந்தாலும் நேரும். ஆகவே ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ‘கல்ச்சர்’ பரிசோதனையின் முடிவு வரும்வரை ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே, அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி., ஃபெரிட்டின் போன்ற ரத்தப் பரிசோதனைகளையும், இதயத்தைப் படம்பிடிக்கும் ஸ்கேனான எக்கோவையும் பார்த்துத்தான் மருத்துவர் ஒரு முடிவுக்கு வருவார். அழற்சி என்று தெரிந்தபின், பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிபாடிகளான இம்யூனோகுளோபுலினும், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். ரத்தம் உறையும் அபாயம் இருந்தால் அதற்கும் மருந்து உண்டு. சில குழந்தைகளைக் காப்பாற்ற முடியாமல் போனதும் உண்டு என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் உங்கள் மகனைப் போலத் தேறி வீடு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதயத் தசையின் வலு சில வாரங்களில் மீண்டுவிடுகிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் விரிந்திருந்தால் அது மெதுவாகத்தான் சரியாகும். மகன் கொழுகொழுவென்று இருக்கிறானே என்று எண்ணி, சொன்ன தேதியில் எக்கோ எடுக்காமல் விட்டுவிடாதீர்கள், அதற்காக மதுரைக்கே போக நேர்ந்தாலும் சரி. வீட்டில் கொடுக்கச் சொன்ன மருந்து இருந்தால் அதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

தாய்ப்பால் தாராளமாகக் கொடுங்கள். நோய்க்குத் தாய்ப்பால் காரணமன்று; முதல் ஆறு மாதத்துக்கு அது மட்டுமே போதும். சேனைத் தண்ணீர், உரைமருந்து எதுவும் வேண்டாம்.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது மூச்சு. பிள்ளை தூங்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். அறுபதுக்கு மேல் போனாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்கையில் வேர்த்துக் களைத்தாலோ, உடல் வெளிறினாலோ உடனே 108-ஐ அழைத்துவிடுங்கள். கடலுக்குப் போனவர் கரை திரும்பட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பாலம் கடந்து ராமநாதபுரம் போய்ச் சேரும் நேரத்தையும் நினைவில் கொள்ளுங்கள்.

இம்யூனோகுளோபுலின் கொடுத்திருந்தால், ஒன்பதாம் மாதம் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி சரியாக வேலைசெய்யாமல் போகலாம். அதிக அளவில் கொடுத்த குழந்தைக்கு 11 மாத இடைவெளி விடுவதுதான் வழக்கம். டிஸ்சார்ஜ் சீட்டைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்து, ஊருக்கு வரும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் இப்போதே காட்டிவிடுங்கள். ஸ்டீராய்டும் கொடுத்திருந்தால் மற்றத் தடுப்பூசிகளின் தேதிகளையும் குழந்தை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.