ஓவிய ஆசிரியரை எப்படி நினைவுகூர்வது?

அன்புள்ள ஐயா,

கடலூரில் எங்கள் பள்ளியில் நெடுங்காலம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நம் சார் சென்ற மாதம் காலமானார். நீங்களும் அவரிடம் படித்தவர் என்று முன்பு எழுதியிருக்கிறீர்கள். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து நினைவுக்கூட்டம் நடத்தவும், அவர் வீட்டிலிருக்கும் நீர்வண்ணப் படங்களைக் கண்காட்சியாக வைக்கவும், ஒரு மலர் வெளியிடவும் எண்ணியுள்ளோம். அழைப்பிதழில் ‘அங்கீகாரம் கிடைக்காத மகா கலைஞர்’ என்று போடலாம் என்கிறார்கள். பள்ளிக்கூட வேலை அவரைத் தின்றுவிட்டது, சென்னையிலேயே தங்கியிருந்தால் பெரிய பெயர் வாங்கியிருப்பார் என்ற வருத்தம் எனக்கும் உண்டு. உங்கள் கருத்து என்ன? சில படங்கள் பழுப்பேறிவிட்டன. அவற்றை லேமினேஷன் செய்துவிடலாமா?

ஒரு வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள நண்பருக்கு,

அவசரமானது கடைசிக் கேள்விதான் என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னொரு நாள் படத்துக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க வழியில்லை. காகிதம் பழுப்பேறுவதற்குப் பெரும்பாலும் அதிலேயே உள்ள அமிலம் காரணம். சட்டம் போடுபவர் பின்னால் வைக்கும் மலிவான அட்டையிலிருந்தும் அது படத்தில் ஏறும். அந்த அட்டைகளை அகற்றிவிட்டு, அமிலமில்லாத தாளை இடையிடையே வைத்து, படங்களைப் படுக்கை வாட்டில் அடுக்கி, மழையில் ஓதமேறும் வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். நம் ஊர்க் கடற்காற்றில் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் வருவதற்கு அதிக நாள் ஆகாது. மலருக்காகப் படமெடுக்கும்போதும் நேர்வெயிலில் வைத்து எடுக்க வேண்டாம்.

இனி அழைப்பிதழ் வாசகத்துக்கு வருகிறேன். அதை நான் ஏற்கவில்லை. சார் படித்த சென்னை ஓவியக் கல்லூரியின் வரலாற்றைப் பார்த்தால், கற்பிப்பதையும் வரைவதையும் எதிரெதிராக நிறுத்தும் வழக்கமே அங்கு இருந்ததில்லை என்பது தெரியும். 1929இல் அதன் தலைமைப் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். அவருடைய மாணவரான கே.சி.எஸ். பணிக்கர் 1957இல் அவருக்குப் பின் முதல்வரானார். இன்று அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையை அந்தப் பதவியில் இருந்துகொண்டேதான் தொடங்கினார். தனபால், முனுசாமி, சந்தானராஜ் என்று அடுத்து வந்தவர்களும் ஆசிரியர்களே. சந்தானராஜும் முனுசாமியும் பாடம் நடத்திய ஆண்டுகளில் அங்கே படித்த ஒருவர், ஊருக்குத் திரும்பி ஓவிய ஆசிரியர் வேலையில் சேர்ந்ததை வீழ்ச்சியாகக் கருதியிருக்க மாட்டார். அப்படி அவர் ஒருநாளும் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் கல்லூரி முதல்வரின் வேலை வேறு, பள்ளி டிராயிங் மாஸ்டரின் வேலை வேறு என்று நீங்கள் சொல்லக்கூடும். அது உண்மைதான். ஆண்டுவிழா மேடைத் திரையும், சான்றிதழ்களில் பெயர் எழுதுவதும், யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்றால் வரவேற்புப் பலகையும் அவர் தலையில்தான் விழுந்தன. பொதுத்தேர்வு நெருங்கினால் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். யாரும் அதைத் தவறாக நினைத்ததில்லை. 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு வாரம் மூன்று அரைநாள் வேலைக்கு மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை நியமித்ததை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாடத்துக்கு நாம் கொடுக்கும் இடம் அவ்வளவுதான். உங்கள் கூட்டத்தில் பேச வேண்டிய குறை இது. சென்னைக் காட்சிக்கூடங்கள் அவரைக் கண்டுகொள்ளவில்லை என்பதை இதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

‘மகா கலைஞர்’ என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அவருடைய பாடலீசுவரர் கோயில் கோபுரப் படங்களும் தேவனாம்பட்டினம் கடற்கரைப் படங்களும் கை தேர்ந்தவை, பார்க்க இனியவை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவற்றில் பல, கேட்டவர்களுக்காக வரைந்து கொடுத்தவை. ஆனால் 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தபின், பண்ருட்டிப் பக்கம் சாய்ந்து கிடந்த பலாத் தோப்புகளைப் போய்ப் பார்த்து வந்து அவர் வரைந்த படங்கள் வேறு வகையானவை. அப்போது அவர் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, இண்டிகோ என்ற கருநீலம், இந்த இரண்டே வண்ணங்கள். மண்ணோடு பெயர்ந்து வானத்தைப் பார்த்து நிற்கும் வேர்கள். மரம் பிளந்த இடத்தில் மட்டும் வண்ணமே படாமல் விட்ட காகிதத்தின் வெண்மை. மனித உருவம் ஒன்றுகூட இல்லை. கண்காட்சியில் இந்த வரிசையை முழுதாக, தனிச்சுவரில் வையுங்கள். கோபுரப் படங்களில் நான்கைந்து போதும். எல்லாவற்றையும் நெருக்கி மாட்டினால் நல்லவை அமுங்கிப் போகும்.

பலா வரிசையில் அந்த வெண்மையைப் பார்த்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் வண்ணப் பெட்டியிலிருந்து வெள்ளை டியூபை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் மனிதர்தானே அவர்! வெளிச்சம் வேண்டுமென்றால் காகிதத்தை விட்டுவை என்பார். சித்திரையில் தூரிகையை எடுப்பதற்குள் காய்ந்துவிடும் பூச்சு, ஐப்பசியில் மணிக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். மின்விசிறியின் கீழே கொண்டுபோய்க் காயவைக்க அவர் விடமாட்டார். மழைக்கால வானத்தை அந்த ஈரத்தின்மேலேயே போட வைப்பார். பழைய நகரில் உப்பனாற்றங்கரைக்கு அழைத்துப் போனால், படகின் கயிறுகளை நாங்கள் கோடு கோடாக இழுக்கும்போது, “கயிற்றை விடு, நடுவில் தெரிகிற வானம் என்ன உருவமாக இருக்கிறது, அதைப் போடு” என்பார். மாணவன் போட்ட கோட்டின்மேல் அவர் ஒருபோதும் கை வைத்ததில்லை. தாளின் ஓரத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, அதே காட்சியை ஏழெட்டுக் கோடுகளில் வரைந்து காட்டிவிட்டு அடுத்த பையனிடம் போய்விடுவார்.

அந்தத் தீப்பெட்டிப் படங்கள் எத்தனை வீடுகளில் பழைய நோட்டுகளுக்குள் கிடக்கின்றன என்று யோசியுங்கள். அவர் கை மிகவும் சுதந்திரமாக இயங்கியது அவற்றில்தான் என்பது என் கணிப்பு. வாங்குபவரோ பார்வையாளரோ மனத்தில் இல்லாமல், எதிரில் நிற்கும் ஒரு பையனுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மட்டும் போட்டவை அவை. அவரிடம் படித்து ஓவியக் கல்லூரிகளுக்குப் போனவர்களை மட்டும் மேடையில் ஏற்றாமல், ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவர், தையல் வேலை செய்பவர் என்று எல்லாரையும் விசாரியுங்கள். கிடைக்கும் நோட்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் விரித்து, மாணவனின் படமும் ஓரத்துத் திருத்தமும் சேர்ந்து தெரியும்படி, யாருடையது, எந்த ஆண்டு என்ற குறிப்புடன் வையுங்கள். மலரிலும் புகழுரைகளைக் குறைத்து இவற்றை அச்சிட்டால் நல்லது.

அழைப்பிதழில் அவர் பெயருக்குக் கீழே ‘ஓவியர், ஓவிய ஆசிரியர்’ என்று போடுங்கள், போதும். என்னிடம் பலா வரிசைப் படம் ஒன்றும் உப்பனாற்றங்கரை நோட்டு ஒன்றும் இருக்கின்றன. கண்காட்சிக்கு இரண்டையும் தருகிறேன். படத்துக்குப் புதிதாகச் சட்டம் போடுவதானால், கண்ணாடி வண்ணத்தின்மேல் படாதபடி, படத்தைச் சுற்றி மவுண்ட் என்ற அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். நோட்டின் அட்டை கழன்றிருக்கிறது. அதை ஒட்ட வேண்டாம்.