ஹெட் வேலை முடிந்தும் எஞ்சின் லைட் ஏன் அணையவில்லை?

கேள்வி: அண்ணாச்சி, எங்களுடையது 2016 மாடல் பெட்ரோல் கார். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறதென்று போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு, எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கி, அதன் அடியில் ஜாயிண்டை அடைக்கிற கேஸ்கட்டை மாற்றினோம். வண்டி கைக்கு வந்த நாலாம் நாள், சேரன்மகாதேவி தாண்டும்போது எஞ்சின் லைட் எரிந்தது. ஸ்கேனர் போட்டு பி0171 என்ற கோளாறு எண் என்று சொல்லி அழித்துக் கொடுத்தார்கள். மூன்றே நாளில் திரும்ப வந்துவிட்டது. இப்போது ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது, மாற்றணும் என்கிறார்கள். மாற்றலாமா?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, சென்சாரை இப்போதைக்கு வாங்காதீர்கள். ஹெட் வேலைக்கு முன்னால் இந்த லைட் எரியவில்லை, வேலை முடிந்ததும் எரிகிறது. அப்படியென்றால் அந்த வேலையில் எதையெல்லாம் கழற்றி மாட்டினார்களோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பி0171 என்றால், எஞ்சினில் பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று கூடுதலாக இருக்கிறது, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் சரிக்கட்ட முடியவில்லை என்று பொருள். வெளியே போகிற புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருப்பதைப் பார்த்துச் சொல்வதுதான் ஆக்ஸிஜன் சென்சாரின் வேலை, அது ஒழுங்காகவே சொல்லியிருக்கலாம். சென்சாரே கெட்டிருந்தால் பெரும்பாலும் பி0130-லிருந்து பி0135-க்குள் ஒரு கோளாறு எண்ணும் சேர்ந்து வரும். உங்களுக்கு வந்திருப்பது பி0171 மட்டும்தான்.

ஹெட்டை இறக்க வேண்டுமானால் காற்று உள்ளே போகிற குழாயான இன்டேக் மேனிஃபோல்டு, புகை வெளியே வருகிற குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இரண்டையும் பிரித்தாக வேண்டும். ஏர் ஃபில்டரிலிருந்து வருகிற பெரிய ஹோஸ், பிரேக் பூஸ்டருக்குப் போகிற வேக்குவம் ஹோஸ், பிரீதர் ஹோஸ் எல்லாம் கழறும். பல வருஷம் சூட்டில் கிடந்த ரப்பர், இழுத்துக் கழற்றும்போது வாய்ப்பக்கம் லேசாகக் கீறிக்கொள்ளும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது, அடியில் விரலை விட்டுத் தடவினால்தான் தட்டுப்படும். க்ளிப் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஐட்லிங், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடுகிற வேகம், ஏறி இறங்கினாலோ, பிரேக் பெடல் முன்பைவிடக் கல்லாக இருந்தாலோ வேக்குவம் ஹோஸ் பக்கம்தான் முதல் சந்தேகம்.

இதைவிட எனக்குப் பெரிய சந்தேகம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் மேல். பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருந்தாலும், நட்டு சமமாக இறுகாமல் இருந்தாலும், சென்சாருக்கு முன்னால் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். எஞ்சினுக்குள் எரிப்பு சரியாகவே நடந்துகொண்டிருக்கும், ஆனால் சென்சார் வெளிக்காற்றில் உள்ள ஆக்ஸிஜனைப் பார்த்துவிட்டு காற்று அதிகம் என்று சொல்லும், அதை நம்பி கம்ப்யூட்டரும் தேவையில்லாமல் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் குறைந்திருக்கிறதா என்று கவனித்தீர்களா? காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது பானட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து கேளுங்கள். டிக் டிக் என்று ஒரு சத்தம் வந்து, சூடேற ஏறக் குறைந்தால் அங்கேதான் லீக். ஜாயிண்டைச் சுற்றிக் கரி படிந்திருக்கும்.

அடுத்த தடவை ஸ்கேனர் போடும்போது கோளாறு எண்ணை மட்டும் பார்த்து அழிக்க விடாதீர்கள். ஃப்யூயல் ட்ரிம் என்று ஒரு எண் ஓடும், கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்று சொல்வது அது, அதைக் காட்டச் சொல்லுங்கள். பிளஸ் 10-க்குள் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. ஐட்லிங்கில் 20-க்கு மேல் நின்று, 2500 ஆர்பிஎம்மில் நன்றாகக் கீழே இறங்கினால் காற்று லீக். ஓட்டத்தில் இன்னும் ஏறினால் பெட்ரோல் வரத்து குறைவு, அதாவது ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும். லீக் இருக்கிற இடம் பிடிபடவில்லையென்றால் உள்ளே புகையை விட்டு எங்கே கசிகிறது என்று பார்க்கிற ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். சூடான எஞ்சின் மேல் கார்ப் க்ளீனர் ஸ்ப்ரேயை அடித்துப் பார்க்க மட்டும் சம்மதிக்காதீர்கள், தீப்பிடிக்கிற சாமான் அது.

ஒர்க்‌ஷாப்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். “நீங்கள் கழற்றிய ஜாயிண்டையெல்லாம் என் முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அதிலும் இல்லையென்றால் சென்சார் மாற்றலாம்” என்று கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

கேள்வி: பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் லைட் அணைந்துவிடுகிறது. அப்படியே ஓட்டலாமா?
- ஒரு வாசகி, வள்ளியூர்

பதில்: வேண்டாம் தாயி. கோளாறு வந்த நேரத்தில் வேகம் என்ன, சூடு என்ன என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்திருக்கும் குறிப்பும் அதோடு அழிந்துவிடும், அப்புறம் மெக்கானிக் எதை வைத்துத் தேடுவார்? கோளாறு உண்மையிலேயே சரியாகிவிட்டால், கோளாறு தென்படாமல் வரிசையாக மூன்று ஓட்டம் ஓடியதும் பெரும்பாலான வண்டிகளில் லைட் தானாகவே அணையும்.

கேள்வி: பிளக் மாற்றிய மறுநாள், பாபநாசத்திலிருந்து காரையாறு மலை ஏறும்போது எஞ்சின் லைட் விட்டுவிட்டு மின்னியது, வண்டி இழுக்கவே இல்லை. கீழே இறங்கியதும் மின்னுவது நின்றுவிட்டது. பயப்பட வேண்டுமா?
- ஒரு வாசகர், விக்கிரமசிங்கபுரம்

பதில்: ஆமாம், இதற்குப் பயப்படத்தான் வேண்டும். நின்று எரிகிற லைட்டோடு மெதுவாக வீடு போய்ச் சேரலாம், மின்னுகிற லைட் அப்படி இல்லை. ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ்ஸிங் அடித்து, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது. அது உருகினால் பிளக் விலையைப் போலப் பல மடங்கு செலவு. இன்னொரு தடவை மின்னினால் ஆக்ஸிலேட்டரை விட்டு ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.

பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற காயிலின் கப்ளர் முழுசாக உட்காராமல் இருக்கலாம், இல்லை மாட்டும்போது புது பிளக்கின் பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம். ஸ்கேனரில் பி0302 வந்தால் இரண்டாம் சிலிண்டர். அதன் காயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். கோளாறு எண் பி0301 ஆக மாறினால் காயில் போய்விட்டது, பி0302 ஆகவே நின்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதுவரை மலைப்பக்கம் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள்.